எண்ணைத் திருத்துமுன் பிழையை அளப்போம்

 

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசுவதைவிட, நம் மாலை வகுப்பில் நேர்ந்த ஒரு பிழையை எடுத்துரைப்பதே பயன் தரும் எனக் கருதுகிறோம். நாம் இயந்திரவியல் கற்றவரல்லோம். ஆயினும் அப்பிழை நமக்கும் பாடம் புகட்டியது.

உறுப்பினர்கள் மனமுவந்து அளித்த சிறு தொகைகளைக் கொண்டு, 3018 என வழங்கும் சிறிய சி.என்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அதில் மாணவர்கள் பெயர்ப்பலகை வெட்ட முனைந்தனர். 60 மில்லிமீட்டர் வட்டம் முட்டை வடிவில் வந்தது. குறுக்கே 60 இருந்தது, நெடுக்கே 59.6 தான் இருந்தது. அதனைக் கண்ட ஒருவர், "இதெல்லாம் இவர்களுக்குக் கைவராது" என்று கூறிச் சென்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. சுட்டதனால் அவசரப்பட்டோம்.

அவ்வியந்திரத்தின் கணக்கு எளிது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். ஒவ்வொரு படியையும் மின்பலகை 16 ஆகப் பகுக்கும். ஆகவே சுற்றுக்கு 3200. ஒரு சுற்றில் திருகுத் தண்டு வெட்டும் தலையை 4 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே மில்லிமீட்டருக்கு 800 படிகள். "800 என்பதை 805.4 ஆக்குங்கள்" என்றோம். ஆக்கினர். வட்டம் சரியாக வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் அடுத்து வெட்டிய 200 மில்லிமீட்டர் பலகை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது!

அப்போது ஒரு மாணவி தன் குறிப்பேட்டைக் காட்டி, "ஐயா, எண்ணை மாற்றுவதற்கு முன் வெட்டிய 200 மில்லிமீட்டர் பலகையிலும் குறைந்தது இதே 0.4 தான். அளவு பெரிதாகியும் குறை பெரிதாகவில்லையே?" என்று வினவினார். அவ்வினாவே திறவுகோல்.

இளைஞர்களே, இதனை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நீளத்தோடு வளரும் பிழை, எண்ணில் உள்ள பிழை. 100 செல்லச் சொன்னால் 99, 200 செல்லச் சொன்னால் 198 எனில் எண்ணை ஆராய வேண்டும். நீளம் எதுவாயினும் மாறாமல், திசை திரும்பும்போது மட்டும் தோன்றும் பிழை, தளர்ச்சியால் வருவது. இதனையே பட்டறையில் பேக்லாஷ் என்பர். வேலை நடக்க நடக்கச் சேர்ந்துகொண்டே போகும் பிழை, பெரும்பாலும் மோட்டார் படி தவறுவதால் வருவது.

இவற்றைப் பிரித்தறிய டயல் கேஜ் ஒன்று போதும். வெட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரே திசையில் வந்து கேஜைச் சுழியில் வையுங்கள். அதே திசையில் 1 மில்லிமீட்டர் முன்சென்று, 1 மில்லிமீட்டர் திரும்புங்கள். சுழிக்கு வராமல் நிற்கும் தூரமே தளர்ச்சி. பின்னர் விரைவாக இருபது முறை முன்னும் பின்னும் ஓட்டி, தொடங்கிய திசையிலேயே வந்து மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விலகல் கூடினால் படி தவறுகிறது. வேகத்தைக் குறைத்ததும் அது மறைந்தால், வேகமும் முடுக்கமும் மிகுதி என்று பொருள். மறையாவிடில் தண்டில் தூசு அடைத்துள்ளதா, கப்ளிங் திருகு நழுவுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

திரையில் காணும் எண்ணை நம்பிவிடாதீர்கள். இத்தகைய சிறு இயந்திரத்தில் அது மேசை நிற்கவேண்டிய இடமேயன்றி, நின்ற இடமன்று. மோட்டார் தவறினாலும் அந்த எண் தவறைச் சொல்லாது.

நம் இயந்திரத்தில் காரணம் என்ன? வெட்டும் தலையைக் கையால் தள்ளியபோது, திருகுத் தண்டே பேரிங்கினுள் முன்னும் பின்னும் அசைந்தது. தண்டைப் பிடித்து நிறுத்தும் வளையத்தின் சிறு திருகு தளர்ந்திருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, வளையத்தைப் பேரிங்கோடு நெருக்கி, ஆலன் சாவியால் இறுக்கினர். எண்ணை மீண்டும் 800 ஆக்கினர். வட்டம் வட்டமாயிற்று, பலகையும் 200 ஆயிற்று.

ஆசிரியராகிய நாம் இதில் கண்டது இது: தேர்வில் தவறிய மாணவனின் மதிப்பெண்ணைத் திருத்தினால் அவன் கற்றவனாகிவிடமாட்டான், எங்கே தளர்ந்தான் என்று கண்டு அங்கே இறுக்க வேண்டும். நம்மைப் பிறர் குறைகூறும்போதும் அவ்வாறே. வெட்கி ஒதுங்கவும் வேண்டா; அவசரப்பட்டு மூடி மறைக்கவும் வேண்டா. அளந்து பாருங்கள்; எழுதி வையுங்கள்; காரணத்தைக் கண்டு திருத்துங்கள். தலைமையாசிரியர் சொன்னாலும், அளவு வேறு சொன்னால் அம்மாணவியைப் போல் எழுந்து கேளுங்கள்.

கைவராது என்றவருக்கு நாம் விடை கூறவில்லை. அப்பலகை இன்று இம்மண்டபத்தின் வாயிலில் தொங்குகிறது.