வானொலி நாடகமும் பெண்மக்கள் உரிமையும்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெண்மக்கள் உரிமை குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இது தொடர்பான சட்டங்கள் நம் நாட்டில் புதியன அல்ல. குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-ஆம் ஆண்டிலும், வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. எனினும் சட்டநூலில் எழுதப்பட்டது வீட்டுக்குள் வந்து சேர நெடுங்காலம் ஆகின்றது. எழுத்தறியாத தாய்மார்களின் இல்லங்களிலும் அடுப்படி வரை சென்று பேசிய ஒன்றைப் பற்றி இன்று சொல்ல விழைகின்றேன். அது வானொலி நாடகம்.

1996-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ‘தின்கா தின்கா சுக்’ என்னும் இந்தித் தொடர் நாடகத்தை ஒலிபரப்பத் தொடங்கிற்று. துரும்பு துரும்பாகச் சேரும் இன்பம் என்பது அப்பெயரின் கருத்து. வடநாட்டின் 27 வானொலி நிலையங்கள் வாயிலாக வாரம் இருமுறை, ஓராண்டுக் காலத்தில் 104 பகுதிகள் ஒலிபரப்பாயின. அதில் பூனம் என்றொரு மணப்பெண் வருகின்றாள். கொண்டுவந்த சீர் போதவில்லை என்று புகுந்த வீட்டார் அவளைத் துன்புறுத்துகின்றனர். பொய்ப்பழி சுமத்திப் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்புகின்றனர். வேறு வழி காணாத அவள் தன் உயிரையே மாய்த்துக்கொள்கின்றாள்.

இந்நாடகத்தை உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் என்னும் சிற்றூரார் தவறாது கேட்டு வந்தனர். ஒலிபரப்பு முடியும் முன்னரே அவ்வூரிலிருந்து வானொலி நிலையத்துக்குச் சுவரொட்டி அளவில் ஒரு பெரிய கடிதம் சென்றது. தங்கள் ஊரார் வரதட்சிணையை எதிர்க்கின்றனர், இனிக் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்பது அதன் சாரம். கீழே கையொப்பமும் பெருவிரல் ரேகையுமாக 184 பேர் உறுதி கூறியிருந்தனர். இம்முயற்சிக்கு முன்னின்றவர் அரசு அலுவலரோ அரசியல் தலைவரோ அல்லர், அவ்வூர்த் தையற்காரர்.

35 ஆண்டுகளாக இருந்த சட்டத்தால் ஆகாதது நாடகத்தால் எங்ஙனம் கைகூடிற்று? வரதட்சிணை தவறென்பதை அவ்வூரார் முன்னரே அறிவர். ஆனால் அதனை வெளிப்படையாகப் பேசினால் யாரேனும் ஒருவர் வீட்டைக் குறித்ததாக முடியும். சுற்றத்தில் மனவருத்தம் விளையும். பூனம் எவர் வீட்டுப் பெண்ணும் அல்லள். ஆகவே அவளைப் பற்றி எவரும் அச்சமின்றிப் பேசலாம். அவளுக்காக வருந்திப் பேசியவர்கள் மெல்லத் தம் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசலாயினர். தாம் எண்ணுவதையே அண்டை வீட்டாரும் எண்ணுகின்றனர் என்று தெரிந்தபின் கையொப்பமிடும் துணிவு பிறந்தது.

பின்னர் 2002-ஆம் ஆண்டில் ‘தாரு’ என்னும் நாடகம் பீகார் முதலிய மாநிலங்களில் ஒலிபரப்பாயிற்று. கற்ற இளம்பெண் ஒருத்தி ஊர்ப்பணி செய்வதே அதன் கதை. இம்முறை நாடகம் தொடங்குமுன்னரே சில ஊர்களில் கூத்து நடத்தி மக்களைத் திரட்டினர். கேட்போர் குழுக்கள் அமைத்து வானொலிப் பெட்டிகளும் வழங்கினர். ஆண்பிள்ளைக்கே பிறந்தநாள் கொண்டாடிய வீடுகளில் பெண்குழந்தைக்கும் கொண்டாடத் தொடங்கினர். அபீர்ப்பூர் என்னும் ஊரில் கேட்போர் குழுவைச் சேர்ந்த இளம்பெண்கள், பள்ளி செல்ல வாய்ப்பற்ற சிறார்க்குத் திறந்தவெளியில் பாடசாலை ஒன்று நடத்தினர்.

இவை யாவும் தடையின்றி நிகழ்ந்தன எனக் கொள்ளலாகாது. இளைஞரும் இளம்பெண்களும் ஒருங்கே கூடுவதை அபீர்ப்பூர்ப் பெற்றோர் முதலில் எதிர்த்தனர். லுட்சானை ஆராய்ந்த அறிஞர்களும், பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று கூறிய அதே வாயால், அவள் வெளியே செல்ல ஆடவரின் ஒப்புதல் வேண்டும் என்று கூறியோரையும் கண்டு எழுதியுள்ளனர். சொல்லிலிருந்து செயலுக்கு வரும் தொலைவு அதிகம். அதனைக் கடக்க நாடகம் மட்டும் போதாது. கேட்டபின் கூடிப் பேசுவதும், பேசியதைப் பலர் அறிய ஏற்பதும் வேண்டும்.

பெரியோர்களே! இன்று நாடகம் அமைக்கப் பெரிய நிலையம் தேவையில்லை. இளைஞர்தம் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களின் இளைஞர்கள் ஆண்டுக்கொரு சிறு நாடகமேனும் எழுதி, தாமே நடித்து, இத்தகைய விழாக்களில் ஒலிக்கச் செய்ய வேண்டுகின்றேன். மேற்படிப்பை இடையில் நிறுத்திய ஒரு பெண்ணின் கதை, மணப்பேச்சில் நகைக்கணக்கு வரும்போது வாய்திறவாது நிற்கும் ஒரு தந்தையின் கதை — கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பெண்பிள்ளைகளே எழுதட்டும். நாடகம் முடிந்தபின் அரைமணி நேரம் அவ்விடத்திலேயே அமர்ந்து பேசுவோம். அப்போது முதலில் பேசும் உரிமையை நம் வீட்டுப் பெண்மக்களுக்கே அளிப்போம்; பெரியோர் பொறுமையுடன் கேட்டிருப்போம்.