கேட்காவ் காட்டும் வழி



பிழைப்பை நாடிச் சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலேறும் தமிழர், புனேயை அடையுமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அவ்வூரில் ‘முக்தி’ என்னும் இல்லத்தை நிறுவியவர் பண்டித ரமாபாய். துன்பம் ஓர் ஆன்மாவை எங்ஙனம் வளர்க்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1858-இல் பிறந்த ரமாபாய், தாய் தந்தையரோடு ஊர் ஊராகச் சென்று, புராணம் படிப்போர் குடும்பத்தில் வளர்ந்தவர். 1870-களில் தென்னாட்டைப் பீடித்த பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரையும் இழந்தார். 1880-இல் தமையனும் மறைந்தார். அவ்வாண்டே மணந்த கணவர், 1882-இல் கைக்குழந்தையையும் அவரையும் விட்டு மறைந்தார். அப்போது ரமாபாய்க்கு 24 வயதும் நிறையவில்லை.

துன்பம் தானாகவே மனிதனை உயர்த்துவதில்லை. அது நெஞ்சைக் கல்லாக்கவும் கூடும். துன்பம் நல்லது என்று கிறிஸ்தவ சமயமும் கூறவில்லை. சிலுவையை எதிர்நோக்கிய இயேசுநாதரே, அப்பாத்திரம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டினார் அல்லவா? ஆயினும் துன்பத்தினூடே இறைவன் நம்மைக் கைவிடுவதில்லை என்பதே அச்சமயத்தின் உறுதி.

ரமாபாய் 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், தாம் அன்று கண்டது சமயத்தையே என்றும், கிறிஸ்துவைக் கண்டது பல்லாண்டுகளுக்குப் பின்னரே என்றும் அவர் எழுதியுள்ளார். அறிவால் ஏற்ற கொள்கை, உயிரோடு கலந்த நம்பிக்கையாவதற்குக் காலம் வேண்டியிருந்தது. அக்காலம் இன்பமாகக் கழியவில்லை. 1889-இல் அவர் தொடங்கிய சாரதா சதனத்தில் மதமாற்றம் நடைபெறுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, ஆதரவாளர் பலர் விலகினர், மாணவியரும் குறைந்தனர்.

1896-இல் மீண்டும் பஞ்சம் மூண்டது. பசியால் வாடிய பெண்களைப் பற்றிக் கேட்டபோது, தம் இளமைப் பசியை ரமாபாய் நினைவுகூர்ந்தார். மத்திய மாகாணத்திற்கு நேரே சென்று நூற்றுக்கணக்கான சிறுமியரையும் பெண்டிரையும் அழைத்து வந்தார். கேட்காவில் அவர்கள் நெய்தார்கள், உழுதார்கள், அச்சுக்கோத்தார்கள். பார்வையற்றோர் பிரெயில் எழுத்துக் கற்றார்கள். தாம் பட்ட பசியே பிறர் பசியை அறியும் கண்ணாக அவருக்கு அமைந்தது. ஆன்மிக வளர்ச்சி என்பது இதுவே.

துன்பம் அத்துடன் ஓயவில்லை. 1921-இல் ஒரே மகள் மனோரமா மறைந்தார். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்த்து வந்த தாய், அப்பணியை நிறுத்தவில்லை. அதனை முடித்து, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் கண்மூடினார்.

அன்பர்களே, சொந்த ஊரையும் சுற்றத்தையும் பிரிந்து வாழும் நமக்கு, நோயும் வறுமையும் தனிமையும் புதியன அல்ல. ‘எனக்கு ஏன் இது வந்தது?’ என்ற வினாவிற்கு ரமாபாயும் விடை கண்டாரல்லர். ‘இதனை அறிந்த நான் யாருக்கு உதவலாம்?’ என்று அவர் கேட்டார். அவ்வினாவைக் கேட்கத் துணிவோர்க்கு, துன்பத்திலும் இறைவன் துணை உண்டு.