செய்தி தாங்கும் அட்டைகள்



அட்டை என்றதும் மலையகத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு, கொழுந்து கொய்யும்போது அறியாமலே காலைப் பற்றி இரத்தம் குடிக்கும் சிற்றுயிரே நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது வேறோர் அட்டையைப் பற்றி. செப்புக் கம்பியிலும் கண்ணாடி இழையிலும் ஓடிவரும் செய்திகளை வாங்கி, வீடுதோறும் பகிர்ந்தளிக்கும் மின்சுற்று அட்டை அது. தொலைத்தொடர்பு நிலையத்தின் இரும்புச் சட்டத்திற் பொருத்தியுள்ள கூட்டினுள் அதனை எவ்வாறு ஏற்றுவது என்பதே இன்றைய பொருள். வேலை சிறியது. ஆனால் பிழைத்தால் ஒரு மலைச்சரிவே ஊமையாகிவிடும்.

வழியின் முடிவில் இருக்கும் ஊருக்கு இது நன்றாக விளங்கும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்த இரண்டரை அடி அகலப் புகையிரதப் பாதை 1904ஆம் ஆண்டில் ராகலையில் வந்து முடிந்தது. 1948இல் அப்பாதையும் மூடப்பட்டது. அதன்பின் எப்பொருளும் வளைந்து வளைந்து ஏறும் வீதிவழியேதான் வரவேண்டியதாயிற்று. 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்த காலத்தில், அலை கிடைக்கும் இடந்தேடி மலையகப் பிள்ளைகள் பலர் பாறைகளிலும் மேடுகளிலும் ஏறி நின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மண்சரிவுகள் வீதிகளைத் துண்டித்தபோது, உற்றார் உயிரோடு உள்ளனரா என்பதை அறியப் பலர் தொலைபேசியையே நம்பியிருந்தனர். ஓர் அட்டையின் பெறுமதியை நாம் இவற்றைக் கொண்டே அளக்கவேண்டும்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். அதன் முகப்பு அகலம் பத்தொன்பது அங்குலம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வழக்கிற்கு வந்த இவ்வளவு, இன்று உலகெங்கும் பரவலாக வழங்குகிறது. உயரத்தை ஒன்றே முக்கால் அங்குலத்தை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுவர். இச்சட்டத்திற் பொருத்தும் உலோகப் பெட்டியே கூடு. கூட்டின் உள்ளே, மேலும் கீழும் பள்ளமான தடங்கள் இருக்கும். பின்புறத்தில் நுண்ணிய ஊசிகள் நிரைநிரையாய் நிற்கும் பலகை ஒன்று உண்டு. அட்டை தடத்தில் வழுக்கிச் சென்று அவ்வூசிகளோடு பொருந்தியதும், மின்சாரமும் செய்தியும் அதனுள் ஓடத் தொடங்கும். இத்தகைய ஓர் அட்டை நாற்பத்தெட்டு இணைப்புகளைத் தாங்குவதும் உண்டு.

இவ்வட்டைக்கு முதற்பகை நம் கையே. உடலில் ஏறி நிற்கும் நிலைமின்சாரம் ஏறக்குறைய மூவாயிரம் வோல்ட்டை எட்டினாலன்றி நமக்குச் சுரீரென்று தெரியாது. அட்டையிலுள்ள நுண்ணுறுப்புகளிற் சிலவோ நூறு வோல்ட்டுக்கே பழுதாகும். ஆகவே, நாம் ஒன்றும் உணராமலே அதனைக் கொன்றுவிடலாம். அதனினும் கொடிது, அரைகுறையாகக் காயப்படுத்துவது. அன்று நன்றாக இயங்கும் அட்டை, சில மாதங்களின் பின், காரணம் தெரியாமல் ஒரு மழையிரவில் மடியும்.

"எங்கள் ஊர் பனியும் ஈரமும் உள்ள ஊராயிற்றே, இங்கு ஏது நிலைமின்சாரம்?" என்று சிலர் கேட்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஆடி ஆவணியில் கிழக்குச் சரிவுகளில் வறண்ட காற்றாய் இறங்குகிறது. ராகலையை உள்ளடக்கிய உடப்புசல்லாவைப் பகுதித் தேயிலைக்கு மணம் கூட்டுவது அக்காற்றே. தேயிலைக்கு நல்ல காலம், அட்டைக்குப் பொல்லாத காலம். எனவே, பையைப் பிரிக்குமுன் மணிக்கட்டில் நிலைமின் பட்டியை அணிந்து, அதன் மறுமுனையைக் கூட்டின் புவித்தொடுப்பில் இணைத்தல் வேண்டும். அப்பட்டியினுள் பத்து இலட்சம் ஓம் தடை வைத்திருப்பது, அதனை அணிந்தவரைத் தவறுதலான மின்தாக்கிலிருந்து காப்பதற்காக.

இரண்டாம் பகை ஈரம். குளிரில் வந்த வண்டியிலிருந்து இறக்கிய அட்டையை வெப்பமான அறையில் உடனே பிரித்தால், பனிக்காலத்துக் கண்ணாடி போல அதன்மேல் நீர் முத்தரும்பும். பை மூடியபடியே சில மணிநேரம் அறையில் இருக்கட்டும். கொழுந்து வாட்டும் மாடத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்துக் காற்றின் ஈரத்தை அறியும் தொழிற்சாலையாளருக்கு இதனை நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

இனி ஏற்றும் முறை. மின்சாரம் ஓடும்போதே ஏற்றத்தக்க அட்டைகள் உண்டு, ஆகாதனவும் உண்டு. கையேட்டைப் பாராமல் எதையும் முடிவு செய்யலாகாது. எந்த அட்டைக்கு எந்த இடம் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்க. அட்டையின் விளிம்பை மட்டும் பிடித்து, மேல்தடம் கீழ்த்தடம் இரண்டிலும் ஒருசேர வைத்து, மெல்ல உள்ளே தள்ளுக. தடம்புரண்ட புகையிரதத்தைத் தள்ளி ஓட்ட முடியாது. அதுபோலக் கோணலாய்ப் புகுந்த அட்டையையும் வலிந்து தள்ளலாகாது. வெளியே எடுத்து மீண்டும் தொடங்குக. வலிந்து தள்ளினாற் பின்பலகையில் ஓர் ஊசி வளையும். பழுதான அட்டையை மாற்றிவிடலாம். ஊசி வளைந்தாலோ, பலகையை மாற்ற முழுக் கூட்டையுமே நிறுத்த நேரும். இறுதி அழுத்தத்தை உள்ளங்கையால் அல்ல, முகப்பிலுள்ள இரு நெம்புகளாற் கொடுக்கவேண்டும். நெம்புகள் படிந்தபின்னரே திருகாணிகளை முடுக்குக. வெறுமையான இடங்களை மூடுதகட்டால் அடைத்தல் வேண்டும். இல்லையேற் குளிர்காற்று அவ்வழியே தப்பிவிட, அட்டைகள் வெம்பும். பின்னர் விளக்குகளைப் பார்த்து, எவ்வட்டை எந்நாளில் ஏற்றப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது கடமை.

நேயர்களே, இவற்றுள் எதுவும் பெருங்கல்வி வேண்டும் வேலையன்று. பொறுமையும் பழகிய கையும் போதும். நுனியில் இரண்டிலையும் ஒரு மொட்டுமாய்ப் பார்த்துக் கொய்யும் கைகள் வளர்த்த பிள்ளைகளுக்கு அவை புதியனவல்ல. ஆனால் பயிற்சி வேண்டும். மாற்று அட்டைகள் சிலவும் மலையின் மேலேயே இருக்கவேண்டும். வீதி அடைபட்ட நாளில் கொழும்பிலிருந்து அட்டையும் வாராது, ஆளும் வாரார். அந்நாளில் லயத்திலிருக்கும் ஒரு தாயின் அழைப்பு வெளியூரிலுள்ள மகனை எட்டுவது, அவ்வூரிலேயே பயின்ற ஓர் இளைஞனின், அல்லது ஒரு யுவதியின், கையினாலேதான். அத்தகையோர் ஊருக்கு இருவரேனும் உருவாக வழிசெய்வோமாக.