ஹட்டன் நகரத்து மிஷன் பள்ளிக்கூடம்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் பதுளை ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியதும் நிதானமாகிவிடும். வளைந்து வளைந்து ஏறி ஹட்டனில் நிற்கும்போது கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் வந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சிவனொளிபாதமலைக்குப் போகத்தான் இங்கே இறங்குகிறார்கள். யாத்திரைப் பருவத்தில் அந்தப் பக்கம் போகும் மஸ்கெலியா பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் போகட்டும். ஊருக்குள்ளேயே பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது: ஹைலண்ட்ஸ் கல்லூரி.

1884இல் தண்டவாளம் ஹட்டனுக்கு வந்தது. கோப்பி நோயில் அழிந்து, தேயிலை மலையைப் பிடித்துக்கொண்ட காலம் அது. ரயில் வந்த இடத்தில் கடைத்தெரு வந்தது. கிளாக்கர்மாரும் கணக்கப்பிள்ளைமாரும் பெருகினார்கள். இங்கிலிஷ் படித்த ஆளுக்குத் தேவை இருந்தது. மெதடிஸ்த மிஷனரிமார் இந்தப் பள்ளியைத் தொடங்கியது 1892இல்.

மலைமேல் மிஷன் பள்ளி என்றதும் பலருக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வரலாம். அங்கே அமெரிக்க மிஷனரிமார் 1901இல் 13 பிள்ளைகளோடு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளிதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் மிஷனரிமாரின் சொந்தப் பிள்ளைகள். ஹட்டனின் கதை வேறு. இங்கே வகுப்பில் உட்கார்ந்தது இந்த மண்ணின் பிள்ளைகள்.

எல்லாப் பிள்ளைகளுமா என்றால், இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பாடசாலைதான் கதி. பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு சரி. அதன்பின் கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோ காத்திருக்கும். நகரத்து இங்கிலிஷ் பள்ளிப் படியேற வசதி வேண்டும். கங்காணி வீட்டுக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்கும்தான் அது முதலில் எட்டியது.

மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்படி வந்தவர். இதே ஹட்டன் மெதடிஸ்த பள்ளியில் படித்து, பின் கொழும்பு நாலந்தாவுக்குப் போனார். கற்ற ஆங்கிலத்தைக் கணக்குப் பேரேட்டுக்குள் அடைத்துவைக்காமல், கூடை சுமந்த பெண்களைப் பற்றி ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ எழுதினார். தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. துரைமாருக்குக் கணக்கெழுத ஆள் தயாரித்த கல்வி, துரைமாரைக் கேள்வி கேட்கிறவரையும் தயாரித்தது. மிஷன் இதை எதிர்பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்!

1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு, உதவி பெற்ற சமயப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தன் கைக்கு எடுத்தது. பல ஊர்களில் கத்தோலிக்கர் பள்ளிக் கட்டடங்களுக்குள்ளேயே இருந்து எதிர்த்தார்கள். ஹைலண்ட்ஸும் அரசு வசம் போனது. ஆனால் பெயர் இன்றும் ஆங்கிலப் பெயர்தான். இன்று அது தமிழ்மொழிக் கலவன் பாடசாலை. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களில்தான். அதன்பின் லயத்திலிருந்து உயர் தரம் வரை படித்து வருகிறவர்கள் கூடினார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கும் கூட்டம் போல அது ஒரே நாளில் நடக்கவில்லை. ஒரு தலைமுறை பிடித்தது.

போக நினைப்பவர்கள் பாடசாலை நாளாகப் பார்த்துப் போகலாம். காலை ஏழரைக்கு மணி அடித்துவிடும். பகல் ஒன்றரைக்குப் பள்ளி விடும். அந்த நேரத்தில் பஸ் நிலையத்தில் நின்றால் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று நடத்துநர்கள் கூவுவது கேட்கும். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஏறி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு இடம்.