பல்லுக்காகச் சேமநிதியில் கை வைக்கலாமா?

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பள உயர்வு அன்று, போனஸும் அன்று. பல்! சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பல் உள்ளவரைதான் வாய்விட்டுச் சிரிக்க முடியும். 'பல் போனால் சொல் போச்சு' என்றார்கள் நம் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது. கடைவாய்ப் பல் இல்லாதவர் கறியை ஒதுக்குகிறார், கடலையை ஒதுக்குகிறார், ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு வருகிறார். அந்த உடம்புதான் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியாக வேண்டும். ஆகவே பல் சிகிச்சை பகட்டு அன்று, உழைப்பவனின் உரிமை.

ஆபீஸில் செக்ரோல் எழுதும் நம்மைத் தேடி வந்து பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிராணி ஐயா, பல் கட்டச் சேமநிதியில் எடுக்கலாமா?" என்பதே அது. எடுக்க முடியுமா என்பது ஒன்று. எடுக்க வேண்டுமா என்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ஊழியர் சேமநிதி 1951-இல் ஏற்பட்டது. தொழிலாளி வயோதிகத்தில் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2024-ஆம் ஆண்டு மே 11 முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுக்கால முதற் கணக்குக்கு 75 சதவிகிதம். வீடு, கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கான இரண்டாங் கணக்குக்கு 15. 'பிளெக்சிபல்' என்னும் மூன்றாங் கணக்குக்கு 10.

இரண்டாங் கணக்கில் மருத்துவத்துக்கு எடுப்பது கடும் நோய்களுக்காக. புற்றுநோய் அந்தப் பட்டியலில் உண்டு. பல் பிடுங்குவதும், ஓட்டை அடைப்பதும், பல்செட்டுக் கட்டுவதும் இல்லை. மூன்றாங் கணக்கிலோ காரணம் கேட்பாரில்லை. குறைந்தது 50 வெள்ளி இருந்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே 'முடியுமா?' என்றால், மூன்றாங் கணக்கில் முடியும்.

இனி, வேண்டுமா என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் நமது பங்கு 11 சதவிகிதம், முதலாளியின் பங்கு 13. கூட்டினால் மாதம் 408 வெள்ளி. அதில் மூன்றாங் கணக்குக்குப் போவது 40 வெள்ளி 80 காசு; வருஷத்துக்கு ஏறத்தாழ 490 வெள்ளி. தனியார் கிளினிக்கில் 1,500 வெள்ளிக்குப் பல் வேலை செய்துகொண்டால், மூன்று வருஷச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். 35 வயதில் எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 5 சதவிகித லாபம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், அந்த 1,500 வெள்ளி 55 வயதில் ஏறக்குறைய 3,980 வெள்ளியாக நிற்கும். பல்லின் உண்மையான விலை அதுதான்.

கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சேமநிதியிலிருந்து வெளியேறிய தொகை சுமார் 14,500 கோடி வெள்ளி. அன்று பசிக்கு எடுத்தார்கள், குறை கூறுவதற்கில்லை. ஆனால் எடுத்த பள்ளத்தை நிரப்புவது எவ்வளவு கடினம் என்பதை நம் லயங்களே சொல்லும்.

அப்படியானால் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கச் சொல்கிறோமா? இல்லை! சேமநிதியைத் தொடுமுன் தட்ட வேண்டிய கதவுகள் மூன்று உள்ளன என்கிறோம்.

முதற் கதவு, அரசாங்கப் பல் கிளினிக். பிரஜைகளுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. சிகிச்சைக் கட்டணமும் தனியாரைவிட மிகக் குறைவு. "காத்திருக்க வேண்டுமே, ஒரு நாள் கூலி போய்விடுமே" என்பீர்கள். இங்கேதான் இரண்டாவது கதவு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் மருத்துவர் தரும் சான்றிதழுக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். பல்லுக்கான விடுப்பும் இதற்குள் அடங்கும். "பல்லுக்கு எம்.சி. செல்லாது" என்று எவரேனும் சொன்னால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

மூன்றாவது கதவு பெர்க்கெசோ. காண்டா தூக்கிப் போகையில் வழுக்கி விழுந்து பல் உடைந்தால், அது வேலை விபத்து. அன்றே ஆபீஸில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலாளியும் பெர்க்கெசோவும் ஏற்க வேண்டிய செலவை உங்கள் முதுமைப் பணத்திலிருந்து கொடுக்காதீர்கள்.

இம்மூன்றும் உதவாதபோது, மென்று தின்ன வழியில்லாதபோது, மூன்றாங் கணக்கில் எடுங்கள். அதில் வெட்கமில்லை. வட்டிக்காரனிடம் கடன் வாங்கிப் பல் கட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, அந்த அளவே எடுங்கள். பல் கட்ட எடுத்த பணம் கைப்பேசி வாங்கப் போகக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டுகிறேன், கம்பி போடுகிறேன் என்று சொல்லும் பதிவில்லாத ஆசாமிகளை நம்பாதீர்கள். 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி அது குற்றம். ஈறு அழுகினால் இரட்டைச் செலவு. அடுத்து, சேமநிதிப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவனிடம் இரகசிய எண்ணைக் கொடுக்காதீர்கள். சேமநிதி அலுவலகத்துக்கு நேரே போனால் ஒரு காசும் கேட்க மாட்டார்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் தாய்மார்களே, அண்ணன்மார்களே! வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அதைப் பல்வலி என்று ஒதுக்காதீர்கள். உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்குகிறது.

இறுதியாக ஒன்று. தனி மனிதன் தன் சேமிப்பைத் தின்று பல்லைக் காப்பது எந்நாளும் தீர்வாகாது. நடமாடும் பல் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது இத்தோட்டத்துக்கு வர வேண்டும் என்று கிளை மனுச் செய்ய வேண்டும். பல் சிகிச்சைச் செலவில் முதலாளியும் பங்கேற்க வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானங்களாக இச்சபையின் முன் வைக்கிறோம். மரம் சீவும் கையும், கணக்கு எழுதும் கையும் சேர்ந்து உயரட்டும்.