உயிரிழப்பும் நட்டஈடும்



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே லொறியொன்று மோதி ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் உக்குவளைப் பகுதியிலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவர். கருமாதி முடிந்த பின் உறவினர் ஒருவர், "நட்டஈடு கேட்டு வழக்கு வையுங்கள்" என்கிறார். அருகிலிருக்கும் இன்னொருவர் உடனே தடுக்கிறார். "போன உயிருக்கு விலை பேசுவதா? பிணத்தைக் காட்டிக் காசு வாங்கிய குடும்பம் என்று நாளைக்கு ஊர் சொல்லாதா?" என்கிறார். இறந்தவரின் மனைவி வாய்மூடி இருந்துவிடுகிறாள். அவள் வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நாளும் சட்டம் தந்த தவணையிலே ஒரு நாள் கழிந்துகொண்டே போகின்றது.

ஊர் சொல்லும் அந்தச் சொல் நியாயந்தானா என்பதையே இன்றைய உரையிலே முதலில் ஆராய விரும்புகின்றேன்.

கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்றது பொன்னுக்காக அன்று. தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை அரசன் வாயினாலேயே ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகச் சென்றாள். அழுத கண்ணோடு சென்றாளாயினும் வெறுங்கையோடு செல்லவில்லை. எஞ்சிய சிலம்பைச் சான்றாக எடுத்துச் சென்றாள். அந்தக் கண்ணகியையே நம் நாட்டிலே தமிழர் கண்ணகை அம்மனாகவும் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகவும் வணங்கி வருகின்றனர். இரு சமூகத்தாரும் கைகூப்பும் அத்தெய்வம், அநியாயச் சாவுக்கு நீதி கேட்டு மன்றம் ஏறிய ஒரு பெண். அப்படியிருக்க, நீதிமன்றத்துக்குச் செல்வதை இழிவென்று கூறுதல் நம் மரபுக்கே பொருந்தாது.

நட்டஈடு என்பது உயிரின் விலை அன்று. உயிருக்கு விலை இல்லை என்பது சட்டத்துக்கும் தெரியும். "உன் கவனயீனத்தால் இக்குடும்பம் இழந்தது இன்னது, அதற்குப் பொறுப்பாளி நீ" என்று எழுத்திலே தீர்க்கப்படும் தீர்ப்பே நட்டஈடு. பணத்தைத் தவிர வேறொன்றையும் திருப்பிக் கொடுக்க மனிதரால் இயலாதாகையால், அத்தீர்ப்புப் பணத்தின் வடிவிலே வருகின்றது.

ஆயினும், இழந்தது எது என்ற வினாவுக்குச் சட்டம் எக்காலத்தும் ஒரே விடையைத் தரவில்லை. 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு வழக்கு நிகழ்ந்தது. குதிரை வண்டி கவிழ்ந்து ஒருவருடைய மனைவி காயமுற்று, ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் இறந்தாள். மனைவி நோயுற்றுக் கிடந்த அந்த ஒரு மாதத்துக்குக் கணவர் நட்டஈடு பெறலாம், அவள் இறந்த பின்னருள்ள காலத்துக்கு ஒன்றும் பெற முடியாது என்றார் எலன்பரோ பிரபு. மனிதர் ஒருவரின் மரணத்தைச் சிவில் நீதிமன்றத்திலே நட்டமாக முறையிட இயலாது என்பது அவர் கொள்கை. அதன்படி, ஒருவரைக் காயப்படுத்தியவனிலும் கொன்றுவிட்டவன் இலேசாகத் தப்பினான். புகையிரதங்கள் ஓடத் தொடங்கி விபத்துகளும் பெருகிய காலத்திலே, 1846இல், கம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டமே அந்த அநீதியை அங்கு நீக்கியது.

நம் நாட்டின் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம். இறந்தவரின் உழைப்பை நம்பி வாழ்ந்தோர் வழக்கிடலாம் என்பதை அது முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. எனினும், அச்சட்டம் கணக்கிட்டது பொருளிழப்பை மாத்திரமே. உழைப்பவன் இறந்தால் அவன் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடலாம். மூன்று வயதுக் குழந்தை இறந்தால் எதைக் கொண்டு கணக்கிடுவது? பெற்றோர் மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்ல, லயத்திலே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்தால் எந்தச் சம்பளப் புத்தகத்தைப் புரட்டுவது?

இவ்வினா நம் உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்று சட்ட நூல்களிலே பெயர் பெற்ற வழக்கு அது. மூளையிலே கட்டி ஏற்பட்டு இறந்த ஒரு சிறு பெண்குழந்தையின் தந்தை, மருத்துவரின் கவனயீனத்தை முறையிட்டு வழக்கிட்டார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபாய் நட்டஈடு தீர்த்தது. ஆனால் 2001இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கவனயீனம் இருந்ததெனக் கண்டபோதிலும், அதனாலேயே மரணம் நேர்ந்தது என்பது எண்பிக்கப்படவில்லை என்றது. அத்துடன், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்காக நட்டஈடு வழங்க நம் சட்டத்தில் இடமில்லை என்றும் கூறியது.

சட்டத்திலே இருந்த அந்த இடைவெளியைப் பதினெட்டு ஆண்டுகளின் பின் பாராளுமன்றம் நிரப்பியது. ஒருவரின் இறப்புக்காக நட்டஈடு அறவிடுதல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், பொருளிழப்போடு அன்பின் இழப்பையும் துணையின் இழப்பையும் கணக்கிலே சேர்க்க வழிவகுத்தது. இன்று ஒரு தாய், "என் பிள்ளை உழைக்கும் வயதினன் அல்லன், ஆயினும் நான் இழந்தவள்" என்று மன்றிலே சொல்லலாம். ஆனால் இரண்டு சுமைகளை அச்சட்டம் நீக்கிவிடவில்லை. எதிராளி தவறினார் என்பதையும், அத்தவறே மரணத்துக்குக் காரணம் என்பதையும் வழக்காளியே எண்பிக்க வேண்டும்.

அடுத்து, பலரும் மயங்கும் ஓர் இடத்தைத் தெளிவாக்குதல் வேண்டும். வீதி விபத்திலே ஒருவர் இறந்தால், பொலிஸார் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்திலே வழக்கிடுவர். கவனயீனமான செயலால் மரணம் விளைத்தல் என்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அது அரசு நடத்தும் வழக்கு. அதன் நோக்கம் தண்டனை. நட்டஈட்டு வழக்கோ குடும்பத்தார் மாவட்ட நீதிமன்றத்திலே தாமே தொடுக்க வேண்டிய வேறொரு வழக்கு. "பொலிஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கின்றதே, அது முடியட்டும்" என்று காத்திருப்போர் பலர். தீங்கினால் விளைந்த நட்டத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டுமென்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் பொதுவிதி. பொலிஸ் வழக்கு தவணை மேல் தவணையாக நீளும். இந்த இரண்டு ஆண்டுகள் அதற்காக நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டா. வாகனத்தின் காப்புறுதிக் கம்பனிக்கும் வழக்கைப் பற்றி உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதனைத் தவறவிட்டால், கையிலே தீர்ப்பிருந்தும் பணம் பெறுதல் கடினமாகும்.

தொழில் செய்யுமிடத்திலே, தொழிலின் காரணமாக, ஒருவர் இறந்தால் வழி வேறு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, முதலாளி தவறினார் என்பதை எண்பிக்க வேண்டிய கட்டாயமில்லை. வேலையாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்று காட்டினாற் போதும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரமாக இருந்த உச்சத் தொகையை இருபது இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் சரிவான மலைப்பாதையிலே லொறியிலேறி வேலைக்குப் போகும் தொழிலாளருக்கு இது சிறிய செய்தி அன்று. ஆனால் ஒரே மரணத்துக்கு இவ்வழியையும் மாவட்ட நீதிமன்ற வழியையும் ஒருங்கே பற்ற இயலாது. எது தக்கது என்பதை முன்னரே சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று.

அரசின் காவலிலேயே உயிர் போனால் என்ன செய்வது? பயாகலைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகி இறந்த ஒருவரின் மனைவி உயர் நீதிமன்றம் சென்றார். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் இறந்துவிட்டாராகையால், மனைவிக்கு வழக்கிட உரிமையில்லை என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். சிறியானி சில்வா வழக்கு என வழங்கும் அவ்வழக்கிலே, நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, உரிமையை மீறியவர் அம்மீறலால் மரணம் விளைந்தது என்ற காரணத்தினாலேயே தப்பிவிட இடங்கொடுக்கலாகாது என்ற கருத்தை ஏற்று, மனைவிக்கும் பிள்ளைக்கும் நட்டஈடு வழங்கியது. இங்கிலாந்திலே 1808இல் இருந்த அநீதி இந்நாட்டிலே தலையெடுக்காதபடி தடுத்த தீர்ப்பு இது. ஆயினும், அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு அளிக்கும் காலம் ஒரே ஒரு மாதமே என்பதை மறத்தலாகாது.

நேயர்களே, இவ்வழக்குகள் எல்லாம் உண்மையில் வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் மரணம் நிகழ்ந்த முதற் சில நாட்களிலேதான். திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னிலையிலே நடக்கும் விசாரணையும், சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கையும் பின்னாளில் வழக்கின் முதுகெலும்பாகும். "உடலைத் தந்தாற் போதும், சீக்கிரம் கொண்டுபோகவேண்டும்" என்ற அவசரத்திலே, எழுதப்பட்டது என்னவென்று அறியாமலே கையொப்பமிடுவோர் உளர். மாத்தளை மாவட்டத்திலே பொலிஸ் நிலையத்துப் பதிவுகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகின்றன. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழிலே வாசித்து விளக்கும்படி கேட்டு, விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பம் வையுங்கள். நீதிமன்றத்திலும் தமிழிலே வழக்கைச் சமர்ப்பிக்கவும், அரசின் செலவிலே மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. அது எவரிடமும் இரந்து பெறும் சலுகை அன்று.

பெயரிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்திலே சுருக்கிய ஒரு பெயர், அடையாள அட்டையிலே வேறோர் எழுத்துக்கூட்டல் என்பது மலையகத்திலே சாதாரணம். திருமணம் கோயிலிலே நடந்திருக்கும்; பதிவாளரிடம் எழுதியிருக்க மாட்டார்கள். உயிரோடிருக்கும்வரை இவை பெருந்துன்பம் தருவதில்லை. இறந்த பின்னரோ, "இறந்தவர் இவர்தாமா? நீ அவர் மனைவிதானா?" என்று எதிராளியின் சட்டத்தரணி கேட்கும் முதல் வினாவே இதுவாகும். மரணச் சான்றிதழிலே பெயரும் மரணக் காரணமும் சரியாக எழுதப்பட்டிருப்பதைப் பெறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் அத்துணை பெரிதோ என்று வினவுவோர்க்கு மாத்தளை மண்ணே விடை கூறும். 2012 நவம்பரிலே, மாத்தளை வைத்தியசாலை வளவிலே கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்து தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. 1980களின் இறுதியிலே நிகழ்ந்த கிளர்ச்சியின்போது பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் அங்கே வந்து நின்றனர். தொல்லியலறிஞர் ஒருவரின் அறிக்கை, அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் பரிசோதனையோ 1950க்கு முற்பட்டவை என்றது. இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலே அந்தத் தாய்மாரின் வினா விடையின்றிக் கிடக்கின்றது. இறந்தவர் யார் என்று தெரியாதவிடத்து, கொன்றவர் யார் என்ற வினாவை எழுப்பவே இயலாது போகின்றது. நட்டஈட்டைப் பற்றிப் பேசவேண்டியதே இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் காத்திருக்கும் தமிழ்த் தாய்மாரின் நிலையும் இதுவே. இத்தகையோருக்காக 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. மரணச் சான்றிதழை ஏற்க மனம் ஒப்பாதவர்களுக்காகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்றும் அவ்வாண்டிலே ஏற்படுத்தப்பட்டது. 2018இல் இழப்பீட்டுக்கான அலுவலகமும் வந்தது. ஆனால் இழப்பீட்டுத் தொகையைப் பெற மறுத்த குடும்பங்கள் பல. அவர்கள் பணத்தை வெறுப்பவர்கள் அல்லர். என்ன நடந்தது என்று சொல்லாமல் தரும் பணம், வினாவை மூடிவிடத் தரும் பணம் என்று அஞ்சுகின்றவர்கள்.

இந்த அச்சத்திலே நம் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. கருமாதிச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கையிலே வைத்து, "இனி வழக்கு வேண்டாம்" என்று ஒரு தாளிலே கையொப்பம் கேட்டு வருவோர் வரலாம். துக்க வீட்டிலே பணத்தட்டுப்பாடு இருக்கும். கை நீளத்தான் செய்யும். சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளுதல் தவறன்று. ஆனால் அந்தத் தாளிலே எழுதியிருப்பது என்ன, அதனால் கைவிடப்படும் உரிமை எது என்று ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லும்வரை கையொப்பமிடாதீர்கள். வசதியற்றோருக்கு உதவவென்றே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. அதன் கதவைத் தட்டுவதிலும் இழிவில்லை.

அடித்து வீழ்த்தியவர் தலைகுனிய வேண்டிய இடத்திலே, வீழ்ந்தவரின் மனைவி தலைகுனிந்து நிற்பது நம் ஊர்ப் பேச்சினால் விளைந்த கொடுமை. அப்பேச்சை நாம் விடுவோமாயின், அவள் செய்ய வேண்டியவை எளியவை: உரிய காலத்திலே கேட்டல், உரிய தாள்களைப் பேணல், விளங்காத எதிலும் கையொப்பமிடாதிருத்தல். அயலவராகிய நாம் செய்ய வேண்டியதோ இன்னும் எளிது. துக்கம் கேட்கச் செல்லும்போது, நீதிமன்றத்துக்குத் துணையாக எவரும் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.