தாலியைக் கழற்றித்தான் பயிர் வைக்கணுமா?
(ஊர்க்கூட்டங்களில் நம் சங்கத்தின் சார்பில் பேசியது)

 

பயிர்க்கடன் கேட்டு பேங்குக்குப் போனால் முதல் கேள்வி என்ன? என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதல்ல. "நகை இருக்குதா, ஜாமீன் யாரு?" என்பதுதான். இல்லையென்றால் "அடுத்த வாரம் வாங்க". நாலு நடை நடந்துவிட்டு, மஞ்சளுக்கு உரம் வைக்கும் நாள் தவறுகிறதே என்று வட்டிக்காரர் வாசலில் நிற்கிறோம்.

கணக்குப் பார்ப்போமுங்க. இரண்டு லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டியென்றால் வருசத்துக்கு 72,000 ரூபாய். கிசான் கார்டு கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறையும். 2025-26க்கும் மத்திய அரசு இதைத் தொடர்ந்தது. 4 சதவீதத்துக்கு வட்டி 8,000 ரூபாய்தான். மிச்சம் 64,000 ரூபாய் யார் வீட்டுக்குப் போகிறது?

ரிசர்வ் வங்கி சொல்வது என்ன? அடமானமில்லாத விவசாயக் கடன் வரம்பு 2010இல் ஒரு லட்சம், 2019இல் 1 லட்சத்து 60 ஆயிரம், 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம். கறவை மாடு, கோழி வளர்ப்புக்கும் இது உண்டு. இந்த வரம்புக்குள் பேங்க் அடமானம் கேட்கக் கூடாது.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. விவசாயி தானாக முன்வந்து நகை கொடுத்தால் அது விதிமீறல் ஆகாது என்று 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது. கவுண்டரில் கேட்பது அவர்கள். பேப்பரில் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று கையெழுத்துப் போடுவது நாம்! படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். கிசான் கார்டு விதியில் வாய்மொழிக் குத்தகைதாரரும் உண்டு. கூட்டுப் பொறுப்புக் குழுவாக 4 முதல் 10 பேர் சேர்ந்தும் கடன் வாங்கலாம். ஆனால் சிட்டா பூமிக்காரர் பேரில். எழுதிக் கொடுத்தால் பூமி போயிருமோ என்று அவருக்குப் பயம். இரண்டு பேரும் நம்மவர்களே. வழி செய்ய வேண்டியது அரசாங்கம்.

இனி என்ன செய்யணும்?

மனுவை எழுத்தில் கொடுங்க. ரசீது வாங்காமல் திரும்பாதீங்க. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் நாளிலும் மனு கொடுப்போம். ஒன்று மட்டும்: அடமானம் வேண்டாம் என்றால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லைங்க. கெடு தவறினால் அந்த 3 சதவீதமும் போய்விடும். அடுத்த கடனும் கிடைக்காது.

நமது கோரிக்கைகள்:

1. அடமானமில்லாக் கடன் வரம்பைத் தமிழில் ஒவ்வொரு கிளை வாசலிலும் எழுதி வை!
2. "விருப்பக் கையெழுத்து" வாங்கி நகையைப் பிடிக்காதே!
3. பூமிக்காரர் உரிமைக்குப் பங்கமில்லாமல் குத்தகை விவசாயிக்குச் சாகுபடிச் சான்று கொடு!

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மூன்று பேரைத் துப்பாக்கிக்குப் பலி கொடுத்த மண் இது. 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகளோடு கோவையை நிறைத்த மண் இது. தனியாகப் போனால் "அடுத்த வாரம் வா" என்பார்கள். ஊரோடு போனால் நாற்காலி போடுவார்கள். மனுவோடு கிளம்புவோம், வாங்க!